காடு, புல்வெளி, ஈரநிலம்: மூன்றுக்கும் சேர்த்து ஆய்வு நிதி கேட்பது எப்படி?

கேள்வி இதுதான். சூழலியலில் முதுகலை முடித்த ஒருவர் காடு, புல்வெளி, ஈரநிலம் ஆகிய மூன்றிலும் தரையில் ஓடித் திரியும் வண்டுகளைப் பற்றி ஆராய விரும்புகிறார். இரண்டு அமைப்புகளிடம் நிதி கேட்டார், இரண்டும் மறுத்துவிட்டன. அதில் ஓர் அமைப்பு மட்டும் "பரப்பு அதிகம், கூர்மை குறைவு" என்று ஒற்றை வரியில் காரணம் எழுதியிருக்கிறது. பல வகை இயற்கை வாழிடங்களில் செய்யும் ஆய்வுக்கு யார் பணம் தருவார்கள், எப்படிக் கேட்க வேண்டும் என்கிறார்.

நான் இரண்டு பக்கமும் உட்கார்ந்தவன். நிதி கேட்டு எழுதியும் இருக்கிறேன், மற்றவர்கள் எழுதியதைப் படித்து மதிப்பெண் போட்டும் இருக்கிறேன். யார் தருவார்கள் என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த ஒற்றை வரியைப் பார்ப்போம், ஏனென்றால் உங்களுக்குத் தேவையான பதிலில் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது.

"மூன்று வாழிடங்களில் வேலை செய்யப் போகிறேன்" என்பது வேலை எவ்வளவு பெரியது என்று சொல்கிறது. அது ஏன் தேவை என்று சொல்லவில்லை. பல வருடங்களுக்கு முன் நானும் இப்படித்தான் எழுதினேன். ஆற்றோரக் காடு, புதர்நிலம், சதுப்பு என்று மூன்று இடங்களில் எறும்புகளைப் பற்றி ஒரு திட்டம். திரும்பி வந்த குறிப்பில் ஒரு மதிப்பீட்டாளர் கேட்டிருந்தார்: "சதுப்பை எடுத்துவிட்டால் உங்கள் கேள்வியில் எது உடையும்?" இரண்டு நாள் யோசித்தேன். எதுவும் உடையாது என்பதுதான் உண்மை. சதுப்பு எனக்குப் பிடிக்கும், அதனால் சேர்த்திருந்தேன். அதை எடுத்துவிட்டு, வெள்ளம் வடிந்த பிறகு எறும்புகள் எந்த வரிசையில் திரும்பி வருகின்றன என்ற ஒரே கேள்வியை மட்டும் வைத்து இரண்டு வாழிடங்களுக்கு எழுதினேன். அடுத்த சுற்றில் நிதி கிடைத்தது.

நீங்களும் உங்கள் புரொபோசலை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாழிடத்தையும் கையால் மறைத்துப் பாருங்கள். மறைத்த பிறகும் கேள்வி அப்படியே நின்றால், அந்த வாழிடத்துக்கு அங்கே வேலையில்லை. கேள்வி சரிந்தால், எப்படிச் சரிகிறது என்பதையே முதல் பக்கத்தில் எழுதுங்கள். "நிழல் குறையக் குறைய வண்டுகளின் உடல் அளவு மாறுகிறதா?" என்று கேட்டால் காடும் புல்வெளியும் இரண்டு முனைகளாக நின்றே ஆக வேண்டும். ஈரநிலம் அந்தக் கேள்விக்குள் வராது. "மண்ணில் நீர் எவ்வளவு நாள் தேங்குகிறது என்பது எந்த வண்டுகள் வாழும் என்பதைத் தீர்மானிக்கிறதா?" என்று கேட்டால் ஈரநிலம் இல்லாமல் முடியாது. ஒருவேளை காடுதான் வேண்டியதில்லை.

இன்னொரு சிக்கல் உண்டு. மதிப்பீட்டாளர்கள் பெரும்பாலும் அதை வெளியே சொல்லாமலே மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார்கள். ஒரு காடு, ஒரு புல்வெளி, ஓர் ஈரநிலம். ஒவ்வொன்றிலும் முப்பது குழிப்பொறிகள் (வாய் தரைமட்டத்தில் இருக்கும்படி புதைத்த குவளைகள், ஓடிவரும் வண்டுகள் அதில் விழும்). மொத்தம் 90 பொறிகள், நிறைய தரவு என்று தோன்றும். ஆனால் வாழிடங்களை ஒப்பிடும்போது உங்களிடம் இருப்பது 90 அல்ல. ஒன்று, ஒன்று, ஒன்று. அந்தக் காட்டில் வண்டுகள் அதிகம் என்றால், காடு என்பதால் அதிகமா, அல்லது அந்தக் குறிப்பிட்ட இடத்தின் மண்ணாலா, மேட்டாலா, சென்ற வருடம் பற்றி எரிந்த தீயாலா என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லை. சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984-ல் இந்தத் தவறுக்கு 'சூடோரெப்ளிகேஷன்' என்று பெயர் வைத்தார். ஒரே இடத்தில் பல முறை அளந்துவிட்டு, பல இடங்களில் அளந்ததாகக் கணக்கு காட்டுவது என்று சொல்லலாம். சூழலியல் படித்த எவரும் இதைத் தெரிந்து வைத்திருப்பார்கள். முன்மொழிவின் மூன்றாம் பக்கத்தில் இதைப் பார்த்ததும் மீதியை மேலோட்டமாகப் படிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

இதற்கு வழி, பொறிகளைக் கூட்டுவது அல்ல. முப்பது பொறிகளை ஒரே காட்டில் வைப்பதற்குப் பதிலாக ஆறு காடுகளில் ஐந்தைந்தாக வையுங்கள். பொறிகளின் எண்ணிக்கை மாறவில்லை, பயணச் செலவு மட்டும் கூடும். அல்லது காடும் புல்வெளியும் ஒட்டிக் கிடக்கும் இடங்களாகப் பார்த்து ஏழெட்டு ஜோடிகளைத் தேர்ந்தெடுங்கள். மண்ணும் மழையும் ஒன்றாக இருக்கும்போது வாழிடத்தின் தாக்கம் தெளிவாகத் தெரியும். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது, வாழிடத்துக்குப் பெயர் சூட்டுவதை விட்டுவிட்டு ஓர் அளவைப் பின்தொடர்வது. ஈரம், நிழல், உப்பு, உயரம் இப்படி ஏதாவது ஒன்று. அப்போது காடு, புல்வெளி, ஈரநிலம் எல்லாம் ஒரே கோட்டின் வெவ்வேறு புள்ளிகளாகிவிடும். "பரப்பு அதிகம்" என்ற புகாரும் எழாது.

குழிப்பொறி பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எத்தனை வண்டுகள் இருக்கின்றன என்பதை மட்டும் அது அளப்பதில்லை, அவை எவ்வளவு ஓடுகின்றன என்பதையும் சேர்த்தே அளக்கிறது. அடர்ந்த புல்லில் வண்டு மெதுவாகப் போகும், பொறியில் குறைவாக விழும். வெட்டவெளியில் அதே வண்டு வேகமாக ஓடி அதிகமாக விழும். ஈரநிலத்தில் ஒரு நல்ல மழைக்குப் பொறியே நிரம்பி மிதந்துவிடும். ஆக ஒரே கருவி மூன்று வாழிடங்களில் மூன்று வேறு விஷயங்களை அளக்கிறது. பல வாழிட ஆய்வுகள் எல்லாவற்றுக்கும் இந்தத் தலைவலி உண்டு. புல் அசைந்தாலே தானியங்கி கேமரா படமெடுக்கும், ஆயிரக்கணக்கில் வெற்றுப் படங்கள் சேரும். ஒலிப்பதிவுக் கருவிக்குத் திறந்த வெளியில் எட்டும் தூரம் அடர்ந்த காட்டில் எட்டாது. இதை நீங்களே முன்வந்து எழுதி, எப்படிச் சரிசெய்யப் போகிறீர்கள் என்றும் சொல்லிவிட்டால் (உதாரணமாக, பொறிகளோடு குறிப்பிட்ட பரப்பிலுள்ள சருகைச் சலித்து எண்ணுவது) படிப்பவருக்கு உங்கள்மேல் நம்பிக்கை வரும். களத்தில் இறங்கிப் பழகியவர்தான் இப்படி எழுத முடியும் என்பது அவருக்குத் தெரியும்.

சரி, யார் பணம் தருவார்கள்? பெரிய தொகை பெரும்பாலும் அரசு அறிவியல் நிதி அமைப்புகளிடம்தான் இருக்கிறது. ஆனால் நிறுவனத்தில் நிரந்தரப் பதவியில் இருப்பவர்தான் பெரும்பாலும் அங்கே விண்ணப்பிக்க முடியும். முதுகலை முடித்தவர் ஒரு வழிகாட்டியின் திட்டத்துக்குள் சேர்வதோ, ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பதோதான் நடைமுறை வழி. தனி ஆளாகத் தொடங்க உதவுபவை சிறு நிதிகள். ரஃபோர்ட் அறக்கட்டளை வளரும் நாடுகளில் நடக்கும் இயற்கைப் பாதுகாப்புத் திட்டங்களுக்குச் சிறு தொகை தருகிறது. முதல் திட்டத்தை ஒழுங்காக முடித்தவர்களுக்கு அடுத்தடுத்த படிகளில் கூடுதலாகவும் தருகிறது. வெறும் கல்வி ஆர்வத்துக்கான ஆய்வை அங்கே ஏற்க மாட்டார்கள், உங்கள் வண்டு ஆய்வால் எந்த நிலம் எப்படிக் காக்கப்படும் என்று சொல்லியாக வேண்டும். 2008-ல் தொடங்கிய முகமது பின் சையத் உயிரினப் பாதுகாப்பு நிதி 25,000 டாலர் வரை தருகிறது, பூச்சியும் காளானும் கூட அங்கே தகுதி பெறும். ஆனால் அவர்கள் கேட்பது இனத்தின் பெயரை, வாழிடத்தின் பெயரை அல்ல. அழியும் நிலையிலுள்ள ஒரு குறிப்பிட்ட வண்டினம் உங்கள் ஆய்வின் மையத்தில் இருந்தால் போங்கள், இல்லாவிட்டால் நேரத்தை வீணாக்காதீர்கள். நேஷனல் ஜியோகிராஃபிக் சொசைட்டி 1890-லிருந்தே ஆய்வுப் பயணங்களுக்குப் பணம் தந்துவருகிறது. அங்கே உங்கள் வேலையை மற்றவர்களுக்குக் கதையாகச் சொல்லத் தெரிவதும் கணக்கில் வரும். ஐடியா வைல்ட் என்ற அமைப்பு பணமாகத் தராமல் கருவியாகத் தருகிறது. கேமராவும் ஜிபிஎஸ்ஸும் அங்கிருந்து வந்துவிட்டால், மற்ற இடத்தில் கேட்கும் தொகை குறையும். பிரிட்டிஷ் சூழலியல் சங்கம் போன்ற அறிவியல் சங்கங்களிடமும் சிறு நிதிகள் உண்டு. அங்கே நல்ல கேள்விக்கே மதிப்பு, கண்ணைக் கவரும் விலங்கு தேவையில்லை.

ஒரே விண்ணப்பத்தைத் தலைப்பை மாற்றி ஐந்து இடங்களுக்கு அனுப்பாதீர்கள். ஒவ்வொரு அமைப்பும் வேறு வேறு பொருளை வாங்க வந்திருக்கிறது. ஒன்று இனத்தைக் காக்க, ஒன்று நிலத்தைக் காக்க, ஒன்று அறிவு வளர, ஒன்று ஆளை வளர்க்க. அவர்கள் முன்பு யாருக்கெல்லாம் தந்தார்கள் என்ற பட்டியல் பெரும்பாலும் அவர்கள் தளத்திலேயே இருக்கும். அதை ஒரு மாலை உட்கார்ந்து படித்தால் எதை விரும்புகிறார்கள் என்பது புரிந்துவிடும். விதிமுறைகளை மட்டும் பத்து முறை படிப்பதைவிட இது பயன் தரும்.

எந்த வாழிடத்துக்குப் பணம் எளிதாக வருகிறது என்பதிலும் ஒரு சாய்வு இருக்கிறது, இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம். மழைக்காட்டுக்கும் பவளப்பாறைக்கும் கேட்பது எளிது. புல்வெளிக்குக் கேட்டால் "அங்கே என்ன இருக்கிறது?" என்ற கேள்வி வரும். பல நூற்றாண்டுகளாகப் புல்வெளியாகவே இருந்த இடங்களைக் காடு அழிந்த நிலம் என்று நினைத்து மரம் நடுகிறார்கள். 2011-ல் தொடங்கிய பான் சவால் என்ற உலகளாவிய நில மீட்பு முயற்சி 2030-க்குள் 35 கோடி ஹெக்டேர் நிலத்தை மீட்க இலக்கு வைத்தது. மீட்பு என்றாலே மரம்தான் என்று பல இடங்களில் புரிந்துகொள்ளப்பட்டதைப் புல்வெளிச் சூழலியலாளர்கள் தொடர்ந்து எதிர்த்து எழுதிவருகிறார்கள். அதனால் உங்கள் ஆய்வில் புல்வெளி இருந்தால் தயங்காதீர்கள். மரம் நட்ட புல்வெளியில் வண்டுகளுக்கு என்ன ஆகிறது என்பது நிலத்தை நிர்வகிப்பவர்களுக்கு இன்று தேவைப்படும் கேள்வி. அதற்கு நிதி கேட்க உங்களுக்கு வலுவான காரணம் இருக்கிறது.

பணம் குறைவாக இருந்தும் பல வாழிடங்களை ஒப்பிட முடியுமா என்றால், முடியும். நியூட்ரியன்ட் நெட்வொர்க் இதை நடத்திக் காட்டியது. புல்வெளிகளில் உரச்சத்தும் மேயும் விலங்குகளும் என்ன செய்கின்றன என்று அறிய, 2000-களின் நடுப்பகுதியில் சில ஆய்வாளர்கள் ஓர் எளிய திட்டம் போட்டார்கள். ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் அளவுள்ள கட்டங்கள், நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், வேலி. அவ்வளவுதான். எல்லாருக்கும் ஒரே செய்முறை, அவரவர் இடத்துச் செலவு அவரவருடையது. மைய நிதி வந்த பிறகு தொடங்கலாம் என்று யாரும் காத்திருக்கவில்லை. 2011-ல் 48 இடங்களின் தரவை வைத்து, ஒரு நிலத்தின் தாவர விளைச்சலைக் கொண்டு அங்கே எத்தனை தாவர இனங்கள் இருக்கும் என்று நம்பகமாகக் கணிக்க முடியாது என்று காட்டினார்கள். பாடப்புத்தகத்தில் வெகுகாலம் இருந்த ஒரு கருத்தை அது அசைத்தது. ஒரே ஆள் 48 இடங்களுக்கு நிதி கேட்டிருந்தால் எவரும் தந்திருக்க மாட்டார்கள். நீங்களும் உங்கள் புல்வெளியை மட்டும் எடுத்துக்கொண்டு, காட்டையும் ஈரநிலத்தையும் வேறு இருவர் பார்க்கும்படி ஒரே செய்முறையை மூவரும் சேர்ந்து எழுதலாம். மூன்று சிறு நிதிகளைச் சேர்த்து ஒரு பெரிய ஆய்வு செய்துவிடலாம்.

இனி பட்ஜெட். புதியவர்கள் எழுதும் பட்ஜெட்டில் கருவிகள் எல்லாம் இருக்கும், மனிதர்கள் இருக்க மாட்டார்கள். வண்டைப் பிடிப்பது மலிவு, அது எந்த இனம் என்று கண்டுபிடிப்பதுதான் செலவு. ஒரு பருவத்தில் சேரும் மாதிரிகளைப் பிரித்து, ஊசியில் குத்தி, வகைப்பாட்டு வல்லுநரிடம் காட்டிப் பெயர் வாங்குவதற்கு, பிடித்ததைப் போலப் பல மடங்கு நேரம் ஆகும். அதற்கு ஒரு வரி கூட ஒதுக்காத பட்ஜெட்டைப் பார்த்தால் இந்த ஆய்வு முடியாது என்று எனக்குத் தெரிந்துவிடும். கேமராவுக்கும் ஒலிப்பதிவுக்கும் இதே கதைதான். கருவி ஒருமுறை செலவு, அதில் சேர்ந்ததைப் பார்ப்பதும் கேட்பதும் மாதக்கணக்கில் ஒருவருக்குச் சம்பளம்.

வாழிடத்துக்கு வாழிடம் செலவின் வடிவமும் மாறும். ஈரநிலத்தில் படகும், கருவிகள் துருப்பிடித்தால் மாற்றும் செலவும். அடர்ந்த காட்டில் நடந்தே போக வேண்டியிருப்பதால் ஆள் நாட்கள் அதிகம். உயர்ந்த மலைகளில் வேலை செய்யக்கூடிய மாதங்களே சில, ஆகவே குறுகிய காலத்தில் நிறைய ஆட்கள். மூன்றுக்கும் ஒரே தொகையைப் போட்டுவிட்டு மூன்றால் பெருக்கியிருந்தால், எழுதியவர் அந்த இடங்களுக்குப் போனதில்லை என்று படிப்பவர் முடிவு செய்துவிடுவார். முடிந்தால் கைக்காசில் ஒரு வாரம் போய்ப் பாருங்கள். நான்கைந்து பொறிகளை வைத்து எடுத்த சிறு தரவும், அதிலிருந்து போட்ட ஒரு வரைபடமும் முன்மொழிவில் இருந்தால் அதன் எடையே வேறு.

கூட வரும் களப்பணியாளர்களுக்கான கூலி, காப்பீடு, சாப்பாடு ஆகியவற்றை முழுதாகப் போடுங்கள். தொகை அதிகமாகத் தெரிகிறதே என்று அங்கே கை வைக்காதீர்கள். அந்த நிலத்தை வருடம் முழுக்க அறிந்தவர்கள் அவர்கள். எந்தப் பள்ளத்தில் எப்போது நீர் வரும் என்று அவர்கள் சொல்லாமல் எந்தக் களப்பணியும் நடந்ததில்லை. கட்டுரையில் அவர்கள் பெயர் எங்கே வரும் என்பதையும் தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள்.

அனுமதிக்கு ஆகும் மாதங்களைக் கால அட்டவணையில் காட்டுங்கள். மூன்று வாழிடங்கள் மூன்று வெவ்வேறு துறைகளின் கீழ் இருக்கலாம், ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம். மாதிரிகளை வேறு நாட்டுக்கு அனுப்புவதாக இருந்தால், 2010-ல் ஏற்கப்பட்டு 2014-ல் நடைமுறைக்கு வந்த நகோயா நெறிமுறையின்படி (மரபணு வளங்களின் பயனை நியாயமாகப் பகிர்வதற்கான பன்னாட்டு ஒப்பந்தம்) நாடுகள் வகுத்த விதிகளையும் பார்க்க வேண்டும். பணம் வந்து, அனுமதி வராமல், பருவம் கடந்துபோவது எங்கள் துறையில் அடிக்கடி நடக்கிறது. ஒரு பருவம் தவறினால் ஒரு வருடம் போச்சு. செலவைக் கூட்டாமல் காலத்தை நீட்டிக்க நிதி தருபவர் அனுமதிப்பாரா என்று கையெழுத்திடும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

காலம் என்றதும் எனக்கு டாஃப்னி மேஜர் தீவுதான் நினைவுக்கு வரும். காலபாகஸ் தீவுக்கூட்டத்தில் உள்ள அந்தச் சிறு தீவில் பீட்டர், ரோஸ்மேரி கிராண்ட் இருவரும் 1973-ல் குருவிகளின் அலகை அளக்கத் தொடங்கினார்கள். 1977-ல் கடும் வறட்சி வந்தது. சிறு விதைகள் தீர்ந்துபோயின, பெரிய கடின விதைகளை உடைக்க முடிந்த பெரிய அலகுக் குருவிகள்தான் அதிகம் பிழைத்தன. இயற்கைத் தேர்வை நேரில் அளந்த தரவு அது. 1982-83-ல் எல் நினோ மழை கொட்டியதும் சிறு விதைகள் பெருகின, அடுத்த வருடங்களில் தேர்வு எதிர்த்திசையில் திரும்பியது. சாதாரண ஆய்வு நிதியின் காலம் மூன்று வருடங்கள். அந்தக் குருவி ஆய்வு மூன்று வருடங்களோடு நின்றிருந்தால் 1976-ல் முடிந்திருக்கும், அதாவது வறட்சிக்கு முந்தைய வருடம். சார்லஸ் கீலிங் 1958-ல் ஹவாயின் மௌனா லோவா எரிமலையில் தொடங்கிய கார்பன் டை ஆக்சைடு அளவீட்டில், 1964-ன் தொடக்கத்தில் சில மாதங்களுக்கு இடைவெளி இருக்கிறது. பணம் இல்லாததுதான் காரணம். அந்த மாதங்களின் காற்றை இனி யாராலும் அளக்க முடியாது.

இதை உணர்ந்துதான் அமெரிக்காவின் தேசிய அறிவியல் நிறுவனம் 1980-ல் நீண்டகாலச் சூழலியல் ஆய்வுக்கென்றே தனி நிதித் திட்டம் தொடங்கியது. ஆனால் உலகில் பெரும்பாலானோருக்கு அப்படி ஒன்று கிடையாது. உங்களுக்குக் கிடைக்கப்போவது ஒன்றோ இரண்டோ வருடங்களுக்கான பணம். அப்படியென்றால் இரண்டு வருடங்களில் விடை கிடைக்கும் கேள்வியை வையுங்கள், அதோடு வேறு யாரோ பத்து வருடம் கழித்து அதே இடத்தில் அதே அளவீட்டைத் திரும்பச் செய்ய முடியும்படி எல்லாவற்றையும் விட்டுச் செல்லுங்கள். பொறி வைத்த இடத்தில் நிலையான அடையாளம், துல்லியமான செய்முறைக் குறிப்பு, பொதுத் தரவுக் காப்பகத்தில் பதிவு, மாதிரிகளுக்கு ஓர் அருங்காட்சியகத்தில் இடம். இவற்றுக்குப் பட்ஜெட்டில் ஆகும் தொகை மிகச் சிறியது, ஆனாலும் பலர் இதை எழுதுவதே இல்லை.

கடைசியாக, இரண்டு நிராகரிப்புகள் பற்றி. மேலே இருக்கும் சில முன்மொழிவுகள் தெளிவாகச் சிறந்தவை, கீழே இருக்கும் சில தெளிவாகப் பலவீனமானவை. நடுவில் இருக்கும் பெருங்கூட்டத்தைத் தரவரிசைப்படுத்துவது மிகக் கடினம், அறையில் உட்கார்ந்து செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒரே விண்ணப்பத்தை இன்னொரு குழு படித்தால் வேறு முடிவு வரலாம். சுவிஸ் தேசிய அறிவியல் நிதியம் இதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, சம தரத்தில் இருக்கும் விண்ணப்பங்களுக்கிடையே சீட்டுக் குலுக்கிப் போடும் முறையை 2021-ல் கொண்டுவந்தது. ஆகவே மறுப்புக் கடிதத்தை உங்கள் திறமைக்கான தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதில் உள்ள குறிப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குக் கிடைத்த குறிப்பு நல்ல குறிப்புதான். இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். மூன்று வாழிடங்களில் எந்த இரண்டு உங்கள் கேள்விக்குக் கட்டாயம் தேவை என்று முடிவு செய்யுங்கள், அந்த இரண்டில் தலா ஆறு இடங்களை வரைபடத்தில் குறியுங்கள், கேள்வியை இரண்டு வரியில் எழுதுங்கள். அதைச் சூழலியல் படிக்காத ஒருவரிடம் கொடுத்து, நீங்கள் எதைக் கண்டுபிடிக்கப் போகிறீர்கள் என்று திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் சொல்வதும் நீங்கள் நினைத்ததும் ஒத்துப்போனால், மற்ற பக்கங்களை எழுதத் தொடங்கலாம்.